கிலோம்போ: உரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்

பிரேசிலில் இன்று நிலப்பட்டா வரை வந்துவிட்ட 'கிலோம்போ' என்ற சொல் அந்த மண்ணில் பிறந்ததன்று. அங்கோலாவின் கிம்பூண்டு மொழியில் அதற்குப் பாசறை என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் இம்பங்கலா வீரர்கள், பல குலத்து இளைஞர்களைச் சடங்கு செய்து சேர்த்துக்கொண்ட போர்முகாமுக்கு அப்பெயர் வழங்கியது. அடிமைக் கப்பல்களோடு சொல்லும் கடல் கடந்தது.

பிரேசிலில் அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்களின் குடியிருப்புகளுக்கு அச்சொல் பெயராயிற்று. அவற்றுள் புகழ்பெற்றது பால்மாரெஸ். 1694இல் அது வீழ்ந்தது. அதன் தலைவர் ஜும்பி 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டார். ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. 1740இல் போர்ச்சுகலின் கடல்கடந்த நாடுகளுக்கான ஆட்சிமன்றம் இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது: தப்பியோடிய கறுப்பர் ஐவருக்கு மேல் ஆளில்லாத இடத்தில் தங்கினால், குடிசை எழுப்பாவிட்டாலும், அங்கே உரல் இல்லாவிட்டாலும், அது கிலோம்போ. உரல் கிடந்தால் குடும்பம் ஊன்றிவிட்டது என்று அறியலாம். ஊன்றும் முன்பே பிடிக்கத்தான் இந்த இலக்கணம்.

தெற்கே அர்ஜென்டினாவில் சொல் இன்னும் சரிந்தது. முதலில் விபசார விடுதி, பிறகு களேபரம். இன்றும் அங்கே குழப்பம் என்றால் கிலோம்போதான்.

பிரேசிலில் அடிமைமுறை 1888இல் ஒழிந்தது. விடுபட்டவர்களுக்கு நிலம் தரவில்லை. அரசு நிலத்தை விலைக்கு வாங்கினால்தான் உண்டு என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கதவை அடைத்திருந்தது. நூறாண்டு கழித்து, 1988 அரசியலமைப்பின் இடைக்கால விதிகளில் 68ஆம் பிரிவு, கிலோம்போச் சமூகங்களின் வழிவந்தோருக்கு அவர்கள் குடியிருக்கும் நிலம் சொந்தம் என்றது.

உடனே பழைய இலக்கணம் குறுக்கே வந்தது. முன்னோர் ஓடிவந்தவர்கள் என்று மெய்ப்பிக்க வேண்டுமா? பல ஊர்கள் விலைக்கு வாங்கிய நிலத்திலும், எசமான் எழுதிவைத்த நிலத்திலும், கைவிடப்பட்ட தோட்டங்களிலும் உருவானவை. 2003ஆம் ஆண்டின் 4887ஆம் ஆணை, தம்மை இன்னாரென்று சொல்லும் உரிமையைச் சமூகத்திடமே விட்டது. எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை 2018இல் உச்சநீதிமன்றம் தள்ளியது.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிலோம்போ மக்களை முதன்முறையாகத் தனியே எண்ணியது: சுமார் 13 லட்சம் பேர். அவர்களுள் ஏறக்குறைய எட்டில் ஒருவர்தான் அரசு எல்லை வரையறுத்த நிலத்தில் வாழ்கிறார். பட்டா வந்தாலும் தனியாள் பெயரில் வராது. ஊர்ச் சங்கத்தின் பெயரில் கூட்டாக வரும், விற்க முடியாது. அதற்கு முன் நில அளவை, ஆய்வறிக்கை, ஆட்சேபம், தனியார் உரிமையாளருக்கு இழப்பீடு என்று கோப்பு பல மேசைகளைக் கடக்க வேண்டும். தாங்கள் யார் என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. எல்லைக்கல் நடும் வேலை இன்னும் அரசிடம்தான் கிடக்கிறது.