ஹோல்டன் தர மறுத்த இரவுகள்

சென்ற வாரம் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளோடு நிறுத்தினோம். வாயேஜர் விண்கலம் வியாழனை நெருங்கிய 1979-க்கு இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1857-இல் பிறந்தவர். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போக வசதியில்லை; சிறுவயதிலேயே போட்டோ ஸ்டுடியோவில் வேலை. அங்கே கூரைமேல் படங்களைப் பெரிதாக்கும் ராட்சதக் கருவி ஒன்று. வெயில்தான் அதற்கு விளக்கு. சூரியன் நகர நகர, கருவியையும் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பகல் முழுக்க அந்தப் பையனுக்கு அதுதான் வேலை. கருவியின் பெயர் ஜூபிடர், அதாவது வியாழன்!

பிறகு வால்மீன் வேட்டை. புது வால்மீனுக்கு 200 டாலர் பரிசு தந்தார் வார்னர் என்ற செல்வந்தர். அந்தப் பணத்தில் பர்னார்டு வீடே கட்டிக்கொண்டார்.

கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் சேர்ந்தபோது அங்கே 36 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. லென்ஸ் தொலைநோக்கிகளில் அன்று உலகிலேயே பெரியது அதுதான். ஆனால் இயக்குநர் ஹோல்டன் அதைப் பர்னார்டிடம் தராமல் இழுத்தடித்தார். திறமையைப் பார்த்தும் வழிவிடாத அதிகாரியை வரலாறு மன்னிக்கத் தேவையில்லை. போராடிப் போராடி 1892 கோடையில்தான் வெள்ளிக்கிழமை இரவுகள் கிடைத்தன.

செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. வியாழனின் ஒளி கண்ணைக் கூச வைக்கும் என்பதால், கோளைப் பார்வை வட்டத்துக்குச் சற்று வெளியே தள்ளிவைத்துவிட்டு அதன் ஓரத்தைத் துழாவினார். அங்கே ஊசிமுனையாக ஒரு புள்ளி. நட்சத்திரமென்றால் பின்தங்கியிருக்கும், இது வியாழனை ஒட்டியே நகர்ந்தது. கோளின் ஒளியில் அது கரைவதற்குள் அதன் இடத்தை அளந்துவிட்டார்.

அதுதான் அமால்தியா. கலிலியோவுக்குப் பின் 282 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத ஐந்தாவது நிலவு. வியாழனின் மையத்திலிருந்து 1,81,000 கி.மீ. தொலைவில், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. புகைப்படத் தகட்டின் துணையில்லாமல், தொலைநோக்கியில் கண்ணை வைத்தே கண்டுபிடித்த கடைசி நிலவு அதுதான். ஹோல்டனை இன்று லிக் ஆய்வக வரலாறு படிப்பவர்கள்தான் அறிவார்கள். பர்னார்டின் பெயரில் ஒரு நட்சத்திரமே இருக்கிறது.

மீட்டிஸ், அத்ராஸ்டியா, தீபி என்ற மூன்று நிலவுகளும் வாயேஜர் படங்களில் சிக்கிய கதை அடுத்த வாரம். முதல் இரண்டும் வியாழனைச் சுற்றிவர எடுத்துக்கொள்வது ஏழு மணி நேரம்தான். வியாழன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றவே பத்து மணி நேரம் ஆகிறது.