ஐபி டிப்ளோமா: சேர்வதற்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை

எஸ்.பி.எம். முடிவு வெளியானதும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஏ-லெவல் என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். இப்போது அந்த வரிசையில் ‘ஐபி’யும் சேர்ந்துள்ளது. பெயரில் ‘அனைத்துலகம்’ இருப்பதாலேயே இதை உயர்ந்தது என எண்ணும் பெற்றோர் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

1968இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அனைத்துலக பேக்கலோரியட் அமைப்பு நடத்தும் ஈராண்டுப் படிப்பு இது. மாணவர் ஆறு பாடங்கள் எடுக்க வேண்டும். வழக்கமாக மூன்று பாடங்கள் உயர்நிலையில், தலா 240 மணி நேரம். மற்ற மூன்றும் பொதுநிலையில், தலா 150 மணி நேரம். அறிவியல் மாணவரும் இரண்டு மொழிகளையும் வரலாறு, பொருளியல் போன்ற ஒரு பாடத்தையும் விட முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் அதிகபட்சம் 7 புள்ளிகள். ஆறுக்கும் 42, கூடுதலாக 3, ஆக மொத்தம் 45. டிப்ளோமா பெற குறைந்தது 24 புள்ளிகள் வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு.

அந்த 3 புள்ளிகளுக்காகத்தான் மாணவர்கள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். தானே தலைப்பைத் தேர்ந்து, 4,000 சொற்களுக்கு மிகாமல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ‘நமக்கு ஒன்று தெரியும் என்பதை எப்படிச் சொல்கிறோம்’ என்று கேட்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்திலும் கட்டுரை உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்றில் ‘இ’ தரம் வாங்கினால், மற்ற பாடங்களில் எத்தனை புள்ளிகள் எடுத்திருந்தாலும் டிப்ளோமா கிடைக்காது.

இதற்கிடையே அறிவியலில் சொந்த ஆய்வு, கணிதத்தில் ஓர் ஆய்வறிக்கை, மொழிப்பாடத்தில் வாய்மொழித் தேர்வு எனப் பாடந்தோறும் உள்மதிப்பீடு வரும். இரண்டாம் ஆண்டில் இவற்றின் கெடுநாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்து எஸ்.பி.எம்.மில் ‘ஏ’ குவித்த பிள்ளை இங்கே தடுமாறுவது அதனால்தான். டியூஷன் ஆசிரியர் கட்டுரையை எழுதித் தரவும் முடியாது, அது மோசடியாகும்.

படைப்பு, உடலியக்கம், சேவை ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ 18 மாதங்கள் தொடர்ந்து ஈடுபட வேண்டும். இதற்குப் புள்ளி இல்லை, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளோமாவும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் பாடம் சொல்லிக் கொடுப்பதையும் சேவையாகக் காட்டலாம். பொறுப்பாசிரியர் ஏற்க வேண்டும். அனுபவத்தை எழுதியும் வைக்க வேண்டும்.

பாடத் தேர்வில் செய்யும் தவறைப் பின்னர் திருத்துவது கடினம். மருத்துவம் படிக்க விரும்புவோர் கலைப்பாடத்தை விட்டு, அந்த இடத்தில் இரண்டாவது அறிவியல் பாடத்தை எடுக்கலாம். மூன்று அறிவியல் பாடங்களும் வேண்டுமென்றால் சிறப்பு அனுமதி தேவை. கணிதத்திலும் இரு பிரிவுகள் உள்ளன. பொறியியலுக்கு எதைக் கேட்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

தனியார் அனைத்துலகப் பள்ளிகளில் கட்டணம் ஆண்டுக்குப் பல்லாயிரம் ரிங்கிட். உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகம்தான் குறி என்றால், அவ்வளவு செலவு தேவையில்லை, எஸ்.டி.பி.எம். போதும் என்பதே என் கருத்து. உபகாரச் சம்பளம் கிடைத்தால் கணக்கு வேறு.

தமிழை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு தகவல்: பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் தாய்மொழி இலக்கியத்தைப் பொதுநிலையில் சுயமாகப் படிக்க ஐபியில் வழி உண்டு. பள்ளி சம்மதித்து ஏற்பாடு செய்ய வேண்டும். பதிவு செய்யும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.