வரிசையில் விடுபட்ட பெயர்

ஹார்வர்டில் 1665-ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்களின் பெயர் வரிசையில் கேலப் சீஷாட்டமக் என்றொருவர் இருக்கிறார். மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய மார்த்தாஸ் வின்யார்டு தீவில் பிறந்த வாம்பனோக் பழங்குடி இளைஞர். அதே தீவிலிருந்து வந்து அவரோடு ஒரே வகுப்பில் படித்த ஜோயல் ஐயாக்கூம்ஸின் பெயர் அங்கே இல்லை. பாதியில் படிப்பை விட்டிருப்பார் என்று முதலில் குறித்துவைத்தேன்.

அந்தக் குறிப்பை அடிக்கவைத்தவர் டேனியல் கூக்கின். பழங்குடிகளின் விவகாரங்களைக் கவனித்த குடியேற்ற அரசு அதிகாரி. கல்லூரி இருந்த கேம்பிரிட்ஜிலேயே வாழ்ந்தவர். 1674-இல் அவர் எழுதிய வரலாறு 1792-இல்தான் அச்சேறியது. பட்டம் பெறச் சில மாதங்களே இருந்தபோது ஜோயல் தந்தையைப் பார்க்கத் தீவுக்குப் போனார் என்கிறது அந்நூல். திரும்பும் வழியில் நான்டக்கெட் தீவில் கப்பல் கரைதட்டியது. அதில் வந்தவர்கள் உயிரோடு கரையேறிய பிறகு கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கூக்கின் நிதானித்து எழுதுகிறார். அதற்காகச் சிலர் தண்டனை பெற்று உயிரிழந்ததையும் சேர்க்கிறார். ஆக, ஜோயல் படிப்பை விடவில்லை. கேலப்பும் நெடுநாள் வாழவில்லை. பட்டம் பெற்ற சிறிது காலத்தில், அக்கால ஆங்கிலம் ‘உடலைத் தின்பது’ என்ற பொருளில் அழைத்த நோயால் இறந்தார். நம் பாட்டிமார் சொன்ன எலும்புருக்கி அதுதான்.

இவர்களை அங்கே கொண்டுவந்தது எது? 1650-ஆம் ஆண்டுப் பட்டயத்தைத் திறந்தேன். பட்டயம் என்பது கல்லூரிக்குச் சட்ட உருவம் தந்த ஆணை. ஆங்கிலேய இளைஞர், ‘இந்திய’ இளைஞர் என இரு சாராரின் கல்வியும் அதில் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. பழங்குடிகளை ஐரோப்பியர் அன்று அழைத்த பெயர் அது. பரந்த மனம் என்று வியக்கும் முன் கணக்கையும் பார்க்க வேண்டும். கல்லூரியிடம் பணம் இல்லை. பழங்குடிகளிடையே சமயம் பரப்புவதற்காக 1649-இல் லண்டனில் அமைந்த நிறுவனத்திடம் இருந்தது. அந்தப் பணத்தில் எழுந்ததே ‘இந்தியன் காலேஜ்’.

செங்கல் கட்டடம், சுமார் 20 மாணவர் தங்கலாம், செலவு 300 முதல் 400 பவுண்டு. இவையும் கூக்கின் தரும் விவரங்களே. அடுத்த வரியில்தான் எனக்கு நெஞ்சு கனத்தது: அதுவரை அதில் பெரும்பாலும் தங்கியவர்கள் ஆங்கிலேய மாணவர்கள். அச்சகமும் அங்கேயே இயங்கியது. ஜான் எலியட் வாம்பனோக் மொழியில் பெயர்த்த முழு விவிலியம் 1663-இல் அந்த அச்சகத்தில் வெளிவந்தது. அமெரிக்க மண்ணில் அச்சான முதல் முழு விவிலியம் அது. எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் பழங்குடியைச் சேர்ந்த வோவாஸ். ஆங்கிலேயர் அவரை ‘அச்சுக்கார ஜேம்ஸ்’ என்றனர்.

அதே 1663-இல் எழுதப்பட்ட லத்தீன் கடிதம் ஒன்று லண்டன் ராயல் சொசைட்டியில் இருக்கிறது. கேலப்பின் பெயரில், இங்கிலாந்துப் புரவலர்களுக்கு நன்றி சொல்லும் கடிதம். வந்து சேர்ந்தது ராபர்ட் பாயிலிடம். பள்ளியில் நாம் படித்த பாயில் விதிக்குரியவர்தான். அந்த லண்டன் நிறுவனத்தின் தலைவர் அப்போது அவரே. கடிதத்தின் வாசகம் கேலப்புடையதா, ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியதா என்று ஆய்வாளர்கள் ஐயுற்றிருக்கிறார்கள். பணம் தந்தவர்களுக்குக் காட்டத் தயாரான சான்று என்ற அளவில் அந்த ஐயம் நியாயமானது. ஆனால் லத்தீனில் தேறாத ஒருவர் அன்றைய ஹார்வர்டில் பட்டம் பெற்றிருக்க முடியாது. கேலப் லத்தீன் அறிந்தவர் என்பதற்குக் கடிதத்தைவிடப் பெயர் வரிசையே உறுதியான சாட்சி என்பது என் முடிவு.

இந்தியன் காலேஜ் கட்டடத்தை இடிக்க 1693-இல் தீர்மானம் ஆயிற்று. 1698-இல் செங்கற்கள் வேறொரு விடுதிக்குப் போயின. பின்னாளில் வரும் பழங்குடி மாணவர்களுக்கு அங்கே வாடகையில்லா இடம் தரவேண்டும் என்பது நிபந்தனை. அதன் பயனைப் பெற வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2009-இல் ஹார்வர்டு வளாக அகழாய்வில் அந்தக் கட்டடத்தின் அடித்தளப் பள்ளம் வெளிப்பட்டது. அங்கு நடந்த அகழாய்வுகளில் ஈய அச்செழுத்துகளும் கிடைத்திருக்கின்றன. மண்ணுக்குள் போன எழுத்துகள் பதித்துவைத்த மொழியும் நூறாண்டுக்கு மேல் பேசுவாரின்றிக் கிடந்தது. அதை மீட்கும் பணியை 1993-இல் தொடங்கிய வாம்பனோக் பெண் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட், மொழியியல் கற்று, எலியட்டின் விவிலியத்தையே முக்கியச் சான்றாகக் கொண்டார்.

2011 மே மாதப் பட்டமளிப்பில் ஜோயலுக்குச் சிறப்புப் பட்டம் அறிவிக்கப்பட்டது. மேடையேறி அதைப் பெற்றுக்கொண்டவர் அன்று தாமும் பட்டம் பெற்ற மாணவி ஒருவர். மார்த்தாஸ் வின்யார்டின் வாம்பனோக் மக்களில், கேலப்புக்குப் பிறகு ஹார்வர்டில் இளங்கலை முடித்த முதல் ஆள் அவர்.