கடற்கரையில் அரிய கடற்காகம்: பறந்து போறதுக்குள்ள என்ன செய்யணும்?

1975 ஜனவரி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நியூபரிபோர்ட் என்ற கடலோர ஊரில், மற்ற பறவைகளோடு ஒரு சிறிய கடற்காகம் பறந்தது. ஏதோ வித்தியாசம் தெரிந்தாலும், அது எந்த வகை என்று உடனே உறுதி செய்ய முடியவில்லை. மார்ச் மாதத்தில்தான் விடை கிடைத்தது: சைபீரியாவின் வடகிழக்கில் இனப்பெருக்கம் செய்யும் ரோஸ் கடற்காகம்! அலாஸ்கா தவிர்த்த அமெரிக்க நிலப்பரப்பில் அதுவே முதல் பதிவு. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

அந்தப் பறவை வாரக்கணக்கில் அங்கேயே தங்கியது அதிர்ஷ்டம். எல்லாப் பறவையும் அப்படிக் காத்திருக்காது. சில நிமிஷத்துல ஆதாரம் எடுக்கலைன்னா, பார்த்தது வெறும் பேச்சாகவே போயிடும்.

அடையாளம் காண்பது ஏன் கஷ்டம்?

ஒரே வகை கடற்காகம் வயதுக்கு ஏற்ப நிறம் மாறும். முழு வளர்ச்சி நிறம் வர சிறிய வகைகளுக்கு சுமார் 2 ஆண்டுகள், பெரிய வகைகளுக்கு சுமார் 4 ஆண்டுகள் ஆகும். கோடையில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும் தலை, குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும்.

அதனால் முதலில் வழக்கமான பறவையை நல்லா பழகிக்கணும். தமிழகக் கடற்கரைகளில் குளிர்காலத்தில் பரவலாகத் தென்படுவது பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக், திபெத் போன்ற உயரமான பகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே வருகிறது. இதைத் தெரிந்துகொண்டால், கூட்டத்தில் புது விருந்தாளி வந்தால் கண்ணில் பட்டுவிடும்.

எதைக் கவனிக்கணும்?

• அளவு: பக்கத்தில் நிற்கும் பறவையைவிடப் பெருசா, சிறுசா?
• அலகு: நீளம், தடிமன், நிறம், நுனியில் பட்டை உண்டா?
• கண், கால்: என்ன நிறம்?
• விரித்த இறக்கை: நுனியில் கறுப்பு, வெள்ளை எப்படி அமைந்திருக்கிறது? அடிப்பக்கம் என்ன நிறம்?
• வால்: ரோஸ் கடற்காகத்துக்கு ஆப்பு வடிவம். சபைன் கடற்காகத்துக்கு நடுவில் பிளவு.

எப்படிப் பதிவு செய்வது?

முதல்ல போட்டோ. மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, அழிச்சிடாதீங்க. நிற்கும் படம் மட்டும் போதாது, பறக்கும்போதும் எடுங்க. செல்போனில் வீடியோவும் உதவும். ஃபில்டர் போட வேண்டாம்.

புத்தகத்தைப் புரட்டும் முன், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இடம், தேதி, நேரம், தூரம் முக்கியம். காலில் வளையம் இருந்தால் நிறத்தையும் எண்ணையும் குறித்து, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம்.

பிறகு இ-பேர்டு செயலியில் படத்தோடு பதிவேற்றலாம். அரிய பறவை என்றால் கூடுதல் விவரம் கேட்கும். தன்னார்வ நிபுணர்கள் சரிபார்ப்பார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் அது சந்தேகம் இல்லை, வழக்கமான நடைமுறை.

செய்யக் கூடாதது என்ன?

நல்ல படத்துக்காகப் பறவையை விரட்டக் கூடாது. நீண்ட தூரம் பறந்து வந்த பறவைக்கு ஓய்வும் இரையும் தேவை.

என்ன வகைன்னு தெரியலையா? ஊகிச்சு பேர் போட வேண்டாம். 'கடற்காகம், வகை தெரியவில்லை' என்றே பதியுங்கள். படமும் குறிப்பும் இருந்தால், பெயரைப் பிறகும் கண்டுபிடிக்கலாம்.