ஜூலியட்டுக்கு ஏன் வயது குறைந்தது?

"அந்தக் காலத்துல பதிமூணு வயசுல கல்யாணம் சகஜம்தானே?" ரோமியோ ஜூலியட் பேச்சை எடுத்தாலே யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

கதை ஷேக்ஸ்பியரின் சொந்தச் சரக்கு இல்லை. ஆர்தர் புரூக் 1562-ல் ஆங்கிலச் செய்யுளாக எழுதியதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார். புரூக்கின் ஜூலியட்டுக்கு 16 இன்னும் நிறையவில்லை. 1567-ல் வில்லியம் பெயின்டர் எழுதிய உரைநடையில் அவள் 18-ஐ நெருங்குகிறாள். சுமார் 1595-ல் வந்த நாடகத்திலோ அவளுக்கு 14 நிறைய இன்னும் இரண்டு வாரமும் சில நாட்களும் பாக்கி. தாயும் தாதியும் உட்கார்ந்து கணக்கே போடுகிறார்கள்.

அன்றைய இங்கிலாந்தில் பெண்ணுக்கு 12 வயது ஆனால் திருமணம் செல்லும், சட்டம் அப்படி. ஆனால் தேவாலயப் பதிவேடுகளை அலசியவர்கள் கண்டது வேறு: சாதாரணப் பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணம் செய்தார்கள். பிரபு குடும்பங்களில் கொஞ்சம் முன்னாடி நடக்கும். ஷேக்ஸ்பியரின் மனைவிக்கே கல்யாணத்தின்போது 26 வயது (அவருக்கு 18!). ஆக, லண்டன் ரசிகர்களுக்கும் ஜூலியட் சின்னப் பெண்தான்.

வயதை மட்டுமா குறைத்தார்? புரூக்கில் மாதக்கணக்கில் நடப்பது, நாடகத்தில் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி அதே வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஞாயிறு காலை ரோசலினுக்காக உருகிய ரோமியோ, திங்கள் மதியம் ஜூலியட்டின் கணவன். இதைப் பருவக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். புரூக்கும் தன் முன்னுரையில் பெற்றோர் பேச்சைக் கேட்காத காதலர்களைத்தான் திட்டுகிறார். ஷேக்ஸ்பியர் அந்த உபதேசத்தைத் தூக்கிவிட்டார்.

ஏனென்றால் அவருடைய பெரியவர்களுக்கும் பொறுமை கிடையாது. பெண் கேட்டு வந்த பாரிஸிடம் அப்பா கேப்புலெட் முதலில் சொன்னது: இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். சீக்கிரம் தாயாகும் பெண்கள் சீரழிவார்கள் என்றும் சொல்கிறார். நல்ல அப்பா! அதே மனுஷன் திங்கள் இரவு, மகளைக் கேட்காமலே, வியாழக்கிழமை கல்யாணம் என்கிறார். அவள் மறுத்ததும் வீட்டைவிட்டுத் துரத்துவேன் என்று மிரட்டல். செவ்வாய்க்கிழமை அவள் சம்மதித்ததாக நடித்ததும், சந்தோஷத்தில் புதனுக்கே மாற்றிவிடுகிறார்.

அதனால் ஜூலியட் அந்த மருந்தை ஒரு நாள் முன்னதாகவே குடிக்க வேண்டியதாயிற்று. ரோமியோவுக்கான கடிதமோ கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டது. அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால், பாதிரியார் இன்னொரு கடிதம் அனுப்பியிருக்கலாம்.