தொட்டில் குழந்தை - சேலத்தில் தொடங்கிய ஒரு கதை

பி.காம். படிக்கிறவளுக்கு வரலாறு எதற்கு என்று வகுப்பில் கிண்டல் செய்கிறார்கள். பரவாயில்லை. இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கணக்கும் உண்டு. நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்க அம்மாயிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ஊர் எடப்பாடிப் பக்கம். போன பொங்கல் லீவில் திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டே, "அம்மாயி, உங்க கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?" என்று கேட்டேன்.

"எங்கம்மா எட்டுப் பெத்தாங்க கண்ணு. அஞ்சு தங்குச்சு."

"தங்காத மூணும் என்னங்க அம்மாயி?"

"மூணும் பொண்ணு" என்றவர், கடலையைப் புடைக்க முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் காலத்தில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்த குழந்தைகள் ஏராளம். அப்படியும் இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் "தங்கல" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து நான் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

849 என்ற எண்

பெண் சிசுக்கொலை என்றதும் நமக்கு உசிலம்பட்டிதான் ஞாபகம் வரும். 1986 ஜூன் மாதம் 'இந்தியா டுடே' இதழ் அதை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. அதனால் இது ஏதோ மதுரைப் பக்கத்து விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

1991 மக்கள் தொகைக் கணக்கைப் பாருங்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் 1000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள்? தமிழ்நாடு மொத்தத்துக்கும் 948. சேலம் மாவட்டத்தில் 849. ஆயிரத்துக்கு நூறு பெண் குழந்தைகள் கணக்கில் குறைகிறார்கள். அன்றைக்கு நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அது தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரி 1-ல்.

ஏன் நம்ம ஊரில் இப்படி? வறுமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. மேட்டூர் தண்ணீர், ஆழ்துளைக் கிணறு, விசைத்தறி, லாரி என்று கையில் காசு புழங்க ஆரம்பித்த வட்டாரம் இது. காசு வந்தபோது அதனுடன் வரதட்சணையும் வந்தது. முன்பு பல சாதிகளில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போடுவார்கள். அது தலைகீழாக மாறி, பெண் வீட்டார் நகையும் பணமும் தருவது வழக்கமானது. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அது ஒரு கல்யாணத்தையும் நிறுத்தவில்லை. காதுகுத்து, சீர், முதல் பிரசவம் என்று பெண்ணுக்குச் செய்கிற செலவு கல்யாணத்தோடு நிற்பதும் இல்லை.

இதே காலத்தில் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற பிரச்சாரமும் வெற்றி பெற்றது. குழந்தைகள் இரண்டுதான், அதில் ஒன்றாவது பையன் வேண்டும். அப்படியானால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறக்கும் பெண்ணின் கதி? முதல் பெண்ணை வளர்த்த அதே வீடுதான் அடுத்த பெண்ணுக்குக் கள்ளிப்பாலைத் தேடியது. கணக்குப் பாடத்தில் சொத்து, கடன் என்று இரண்டு பக்கம் எழுதுகிறோமே, அதில் பெண் பிறந்த அன்றே கடன் பக்கத்தில் எழுதப்பட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சிசு மரணங்களுக்குக் காரணம் எழுதும் இடத்தில் "சமூகக் காரணம்" என்று ஒரு பிரிவே இருந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பதிவேடுகளை வைத்துத்தான் வெங்கடேஷ் ஆத்ரேயா, ஷீலா ராணி சுங்கத் போன்றவர்கள் 1990களில் இந்தக் கொடுமை எந்தெந்த மாவட்டங்களில் இருக்கிறது என்று எழுதினார்கள். மதுரையில் தொடங்கி தேனி, திண்டுக்கல், நாமக்கல், சேலம், தருமபுரி என்று வடக்கே ஒரு கோடு போல அது நீண்டது.

1992 - தொட்டில் வந்தது

1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிவித்தார். அது முதலில் தொடங்கியது நம்ம சேலம் மாவட்டத்தில்தான். அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், குழந்தைகள் இல்லம் போன்ற இடங்களில் தொட்டில் வைத்தார்கள். வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதீர்கள், இதில் போட்டுவிட்டுப் போங்கள், யாரும் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டார்கள், குழந்தையை அரசு வளர்க்கும் அல்லது தத்துக் கொடுக்கும் என்பதுதான் திட்டம்.

உலகத்துக்கு இது புதுசு இல்லை. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் 1445-லேயே கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் திறந்தார்கள். ஐரோப்பாவின் பல ஊர்களில் இப்படிப்பட்ட இல்லங்களின் சுவரில் சுழலும் பெட்டி இருந்தது. வெளியே நின்று குழந்தையை வைத்துச் சுற்றினால் அது உள்ளே போய்விடும். யார் வைத்தார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டனின் முயற்சியில் 1739-ல் அனுமதி பெற்ற இல்லத்தில் இன்னொரு வழக்கம். தாய் ஒரு துண்டுத் துணியையோ நாணயத்தையோ அடையாளமாக விட்டுப் போவாள். என்றைக்காவது திரும்பி வந்து இதுதான் என் பிள்ளை என்று சொல்லிக் கேட்பதற்கு. மிகச் சிலர்தான் திரும்பி வந்தார்கள் என்றாலும், வரலாம் என்று ஒரு வழியை விட்டுவைத்திருந்தார்கள்.

நம்ம தொட்டிலுக்கு அப்படி ஒரு துணித் துண்டு இல்லை.

முதல் நான்கு வருடங்களில் தொட்டிலுக்கு வந்தவை சுமார் 140 குழந்தைகள்தான். 1996-ல் ஆட்சி மாறியது, திட்டம் தூங்கிப்போனது. 2001-ல் மறுபடி உயிர் பெற்று மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி, நாமக்கல் என்று விரிந்தது. 2011-ல் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் போனது.

எதிர்ப்பும் இருந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொண்டுவந்து போடு என்று அரசே சொல்லலாமா என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தையின் பக்கமிருந்து யோசித்தால் பதில் வேறு. இன்று முப்பது வயதில் எங்கோ உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் போய் அந்தத் திட்டம் தவறு என்று சொல்ல என்னால் முடியாது.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. தொட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பிய அந்தத் தாய் என்ன ஆனாள்? பால் கட்டிய மார்போடு, அதே வீட்டுக்கு, அதே மாமியாரிடம், அதே கணவனிடம் திரும்பியிருப்பாள். அடுத்த வருடம் மறுபடி கர்ப்பம். கேள்வி கேட்கமாட்டோம் என்ற வாக்குறுதிக்கு இன்னொரு அர்த்தம், உன் நிலைமை என்ன என்றும் கேட்கமாட்டோம் என்பதுதான்.

பத்திரமும் ஸ்கேனும்

அரசு குடும்பத்துக்கும் ஒன்று செய்தது. அது பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், அதுவும் 1992-ல் வந்ததுதான். 2001-ல் அதைத் திருத்தி, ஒரே பெண் குழந்தை என்றால் 22,200 ரூபாயும், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் ஆளுக்கு 15,200 ரூபாயும் வைப்புத் தொகையாகப் போட்டார்கள். 2011-ல் அது 50,000 என்றும், ஆளுக்கு 25,000 என்றும் உயர்ந்தது. பதினெட்டு வயதில் வட்டியோடு கைக்கு வரும், ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் தங்கையும் அந்த 15,200 ரூபாய்க்காரர்கள். அப்பாவுக்கு விசைத்தறி வேலை. மின்விசை நிதி நிறுவனத்தின் பெயர் போட்ட அந்தப் பத்திரம் பல வருடம் எங்கள் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. என் கல்லூரி முதல் வருடக் கட்டணத்தில் பாதி அதிலிருந்து வந்தது. என் பெயரில் கடன் இல்லாமல் வரவு எழுதிய முதல் காகிதம் அது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்க வேண்டும், ஆண் வாரிசு இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஆபரேஷன் செய்துகொண்டது அம்மா. ஏன் அப்பா செய்யவில்லை என்று நான் கேட்டதில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறீர்களா?

இதற்கிடையில் ஊருக்கு ஸ்கேன் மெஷின் வந்துவிட்டது. பிறந்த பிறகு கொல்வது போய், பிறக்கும் முன்பே கலைப்பது வந்தது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996-ல் நடைமுறைக்கு வந்து, 2003-ல் கடுமையாக்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் சேலம் 851, நாமக்கல் 889. தொட்டில் வந்து கிட்டத்தட்ட பத்து வருடம் ஆகியும் நிலைமை பெரிதாக மாறவில்லை. காரணம் எளிது. பிறக்காத குழந்தையைத் தொட்டிலில் போட முடியாது.

வீட்டுக்கு வந்தவர்கள்

பக்கத்து தருமபுரியின் கதை எனக்கு நம்பிக்கை கொடுத்தது. 2001-ல் இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் அந்த எண் 826, சேலத்தை விட மோசம். 2011-ல் அது 913. அங்கே 1990களின் கடைசியில் கலைப்பயணம் நடத்தினார்கள். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டும் தெருக்கூத்தும் நாடகமும் போட்டார்கள். கொலைகாரி என்று தாயைத் திட்டாமல், அவளை அந்த இடத்துக்குத் தள்ளியவர்கள் யார் என்று ஊரைப் பார்த்துக் கேட்டார்கள்.

கிராம சுகாதார செவிலியர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள வீட்டில் ஒரு பெண் மறுபடி கர்ப்பமாக இருந்தால் அந்த வீட்டைக் குறித்து வைத்துக்கொண்டு அடிக்கடி போனார்கள். பிரசவத்துக்குப் பிறகும் போனார்கள். மாமியாரிடம் பேசினார்கள். ஒருவர் தவறாமல் வந்து "புள்ள எப்படி இருக்கு?" என்று கேட்கும் வீட்டில் குழந்தை "தங்காமல்" போவது கஷ்டம். அந்த எண் உயர்ந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். சட்டம், படிப்பு, மகளிர் குழு எல்லாம் சேர்ந்ததுதான். சேலமும் நாமக்கல்லும் கூட 2011-ல் 910-ஐத் தாண்டின. ஆனால் மற்ற எல்லாவற்றையும் வாசற்படிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த நடைதான்.

அப்படி யாரும் போகாத வாசலுக்கு வேறு ஆட்கள் போவார்கள். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசும் ஒலிப்பதிவு வெளியானது ஞாபகம் இருக்கிறதா? ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்குத் தனி விலை. சிபிசிஐடி வரை வழக்கு போனது. வளர்க்க முடியாமல் தவிக்கும் ஒரு தாயும், குழந்தைக்காக ஏங்கும் ஒரு தம்பதியும் இருக்கிறார்கள். நடுவில் அரசு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தரகர் நின்றிருக்கிறார்.

அறுபது நாள்

2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைக்கலாம். அவர்களுக்கு ஆலோசனை தர வேண்டும். அதன் பிறகு மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. லண்டன் தாய்மார்கள் விட்டுப்போன துணித் துண்டு எனக்கு இங்கேதான் மறுபடி ஞாபகம் வந்தது. திரும்பி வரும் வழியைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2022-ன் மிஷன் வாத்சல்யா நெறிமுறைகளின்படி, கஷ்டத்தில் இருக்கும் குழந்தையைச் சொந்தக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழிதான்.

1992-ல் அரசு குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டது. இப்போது சட்டம் குடும்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. முப்பது வருடத்தில் நாம் கற்றுக்கொண்டது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் சட்டப் புத்தகம் நடந்து போகாது. யாராவது ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனால்தான் 60 நாளுக்கும் 4,000 ரூபாய்க்கும் அர்த்தம்.

ஊரிலிருந்து கிளம்பும்போது என் பத்திரக் கதையை அம்மாயிக்குச் சொன்னேன். "பொட்டப்புள்ளைக்கு கவுர்மெண்டு காசு குடுத்துச்சா!" என்று ஆச்சரியப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மாளுக்கு யாரு கண்ணு வந்தாங்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டுப் பாட்டிகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எத்தனை பிறந்தது, எத்தனை தங்கியது என்று. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள். யாருக்காவது இப்போதே உதவி தேவைப்பட்டால் 1098 என்ற எண்ணை மறக்காதீர்கள். குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி எண் அது.

அடுத்த பதிவில் சந்திப்போம்.