முட்டுக்கட்டை

தேரைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வடத்தைப் பற்றித்தான். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்கிறோம். அழைப்பிதழில் ‘வடம் பிடித்தல்’ என்று போட்டு நேரம் குறிக்கிறோம். அமைச்சர் வந்தாலும் ஆட்சியர் வந்தாலும் வடத்தைத் தொட்டபடிதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபடி, கையில் ஒரு மரக்கட்டையோடு கூடவே நடந்து வருகிறவரின் படத்தை நான் எந்த நாளிதழிலும் முதல் பக்கத்தில் பார்த்ததில்லை. அந்தப் பெரும் பாரத்தை ஊர் சுற்றிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதில் பாதி வேலை அவருடையது.

இந்தக் கட்டுரை அவர் கையில் இருக்கும் கட்டையைப் பற்றியது. அதன் வழியாக, ஒரு பாரத்தை எதைக் கொண்டு இழுப்பது என்கிற பழைய கேள்வியைப் பற்றியதும்கூட. எதனால் இழுக்க முடியும் என்று கேட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எது நிறுத்தும் என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது, பெரும்பாலும் ஒரு விபத்துக்குப் பின்னால்.

*

திருவரங்கத்தில் சித்திரைத் தேருக்கு ‘விருப்பன் திருநாள்’ என்று பெயர். விஜயநகர அரச குடும்பத்தைச் சேர்ந்த விருப்பண்ண உடையார் 1383இல் ஏற்படுத்திய விழா அது. டெல்லி சுல்தானின் படையெடுப்பின்போது ஊரைவிட்டுப் போன நம்பெருமாள் 1371இல் திரும்பி வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த ஏற்பாடு. இன்றும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சனம் வந்து குவிவது இந்தத் தேருக்குத்தான். நான்கு சித்திரை வீதிகள், நான்கு முனைகள்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. நம் பழைய மரத்தேர்களில் அச்சு நேராகத்தான் இருக்கும், திரும்பாது. பிரேக்கும் கிடையாது. வீதி முனையில் தேரைத் திருப்புவதும், வழியில் நிறுத்துவதும், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் நேராக்குவதும் முட்டுக்கட்டையின் வேலை. ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய, புளியமரம் போன்ற வைரம் பாய்ந்த மரத்தால் ஆன கட்டை. சில ஊர்களில் சறுக்குக்கட்டை என்பார்கள். ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். இரண்டு பக்கமும் கொடுத்தால் நிற்கும். சக்கரம் கட்டைமேல் ஏறித் தேய்க்கும்போது புகை வரும், மரம் கருகும் வாசனை வரும். அந்த ஒன்றிரண்டு நொடிகள் அவருடைய கை சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்.

ஏன் இவ்வளவு ஆபத்தான இடத்தில் ஒரு ஆளை வைக்க வேண்டும்? இழுக்கிறவர்களே நிறுத்தினால் என்ன? நிறுத்த முடியாது. வடத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைக் கொண்டு இழுக்கலாம், தடுக்க முடியாது. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டாலும், தேர் தன்பாட்டுக்குத் தொய்ந்து கிடக்கும் வடத்தின்மேல் ஏறி வரும். ஆகவே, நிறுத்தும் கருவி பாரத்திடமே இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கட்டுரை முழுக்க இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன் என்பார்கள். அது ஒரு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது நாம் மெதுவாக நடக்கும் வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல், ஒன்றரை டன் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். அந்தக் காரை ஒரு மரக்கட்டையைப் போட்டு நிறுத்தச் சொன்னால் நாம் சிரிப்போம். தேர் மெதுவாகப் போவதால் நமக்குப் பயம் தெரிவதில்லை.

*

திருவாரூர்த் தேர் 1948க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்று, 1970இல் மீண்டும் ஓடியது. ஓடாத தேரை ஓட வைத்தோம் என்பது அரசியல் மேடைகளில் இன்றுவரை கேட்கும் பெருமை. அதில் தவறில்லை, அது பெரிய காரியம்தான். ஆட்கள் வடம் பிடிக்க, பின்னாலிருந்து புல்டோசர் முட்டித் தள்ள, இழுக்கும் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. அப்போதுதான் மற்றப் பிரச்சினை பெரிதாகிறது. இழுவை கூடக் கூட, நிறுத்தும் சக்தியும் கூட வேண்டும்.

அந்தப் பதில் திருச்சியிலிருந்து போனது. திருவெறும்பூருக்குப் பக்கத்தில் 1960களில் தொடங்கிய பெல் ஆலை, அனல் மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்வது. உயர் அழுத்தம் தாங்கும் எஃகை வளைக்கவும் பற்றவைக்கவும் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். அந்த ஆலைதான் ஆழித்தேருக்கு எஃகுச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தமிழ்நாட்டின் வேறு பல கோயில் தேர்களுக்கும் இங்கிருந்து சக்கரங்கள் போயின. தேர்ச் சிற்பத்தைப் பற்றி நிறைய எழுதுகிறோம். பிரேக்கை வடிவமைத்த பொறியாளரையும் அதைப் பற்றவைத்த வெல்டரையும் பற்றி யாராவது எழுதினால் வாசிக்க ஆசை. ஓடாத தேரை ஓட வைத்தவர்களுக்கு இருக்கும் பெயர், ஓடுகிற தேரை நிற்க வைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அதே ஆலையிலிருந்து கொதிகலன் பாகங்கள் வெளியூருக்குக் கிளம்புவதைத் திருச்சி–தஞ்சாவூர் சாலையில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த நீண்ட டிரெய்லர், முன்னால் ‘புல்லர்’ என்று சொல்லும் இழுவை லாரி. இதுவும் ஒரு தேர்தான். இந்தத் தொழிலில் இறக்கம் வந்தால் பின்னாலும் ஒரு புல்லரை மாட்டுவது உண்டு. அது எதையும் தள்ளுவதில்லை. பாரம் முன்னால் ஓடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கும்.

*

ஹூஸ்டனில் இருக்கும் என் அத்தை மகன் போன வருடம் ஒரு டிராவல் டிரெய்லர் வாங்க முடிவு செய்தான். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் சக்கர வீடு. அதை இழுக்க ஒரு பிக்கப் டிரக் வேண்டும். “மச்சான், இந்த வண்டி நாலாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும்னு போட்டிருக்கான். நம்ம டிரெய்லர் மூவாயிரம்தான். போதும்ல?” என்றான். நான் மெக்கானிக் இல்லை. தேரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், அதனால் இதையும் படித்தேன்.

முதலில், அந்த மூவாயிரம் காலி டிரெய்லரின் எடையா, தண்ணீரும் கேஸும் சாமானும் ஏற்றிய பிறகான எடையா என்று பார்க்க வேண்டும். ஏற்றிய எடைதான் கணக்கு. அடுத்தது, அதில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு பிக்கப்பின் கொக்கியில் இறங்க வேண்டும். மூவாயிரம் என்றால் 300 முதல் 450 கிலோ. இது புது விஷயமே இல்லை. நம் மாட்டுவண்டிக்காரர்கள் இதைத்தான் முன்பாரம், பின்பாரம் என்றார்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். நெல் மூட்டையை அச்சுக்கு முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடுக்குவதில்தான் வண்டிக்காரரின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. டிரெய்லரில் பின்பாரம் அதிகமானால் மாட்டுக்குப் பதிலாக வண்டி தவிக்கும். வேகத்தில் டிரெய்லர் வால் மாதிரி ஆட ஆரம்பித்து, முன்னால் இருக்கும் பிக்கப்பையும் சேர்த்து ஆட்டிவிடும்.

முன்பாரம் சரியாக இருந்தாலும் அதைச் சுமப்பது பிக்கப்தான். அந்த 400 கிலோவோடு நான்கு பேர், பெட்டி படுக்கை, ஒரு நாய் என்று சேர்த்தால் எண்ணூறைத் தொடும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பல சமயம் அதைவிடக் கூடிவிடும். இழுக்கும் திறன் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும், சுமக்கும் திறன் கதவிடுக்கில் சிறிதாக இருக்கும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது கதவிடுக்கைத்தான்.

விளம்பர எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் வெகுகாலம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டியின் இழுவைத் திறனைத் தானே அளந்து தானே சொல்லிக்கொண்டது. 2008இல்தான் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு ஜே 2807 என்று ஒரு பொது அளவுகோலைக் கொண்டுவந்தது. அரிசோனாவில் ஒரு மலையேற்றச் சாலை, சுமார் 18 கிலோமீட்டர். ஏசியைப் போட்டுக்கொண்டு பாரத்தோடு வேகம் குறையாமல் ஏற வேண்டும். அதோடு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, சரிவில் கைபிரேக் பிடித்து நிற்கிறதா என்பதும் சோதனையில் உண்டு. 2011 மாடல் டன்ட்ராவுக்கு டொயோட்டா முதலில் இந்த அளவுகோலை ஏற்றபோது, அந்த வண்டியின் இழுவை எண் முன்பிருந்ததைவிடக் குறைந்தது. எல்லோருக்கும் பொதுவான படி வைத்து அளந்தால் அளவு குறையும் என்பது நம் சந்தைக்கும் தெரிந்ததுதான்.

கடைசியாக பிரேக். இரண்டரை டன் பிக்கப்புக்குப் பின்னால் மூன்று டன் டிரெய்லர் என்றால், பிக்கப்பின் பிரேக் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிறுத்த வேண்டும். அது முடியாது என்பதால்தான் டிரெய்லரின் சக்கரங்களிலேயே தனி பிரேக் வைத்து, ஓட்டுநரின் கைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் வைக்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில், ஓர் எடைக்கு மேல் போனால் டிரெய்லர் பிரேக் சட்டப்படியே கட்டாயம். நிறுத்தும் கருவி பாரத்திடமே இருக்க வேண்டும் என்ற அதே சித்திரை வீதிப் பாடம். இங்கே நம் கிராமச் சாலைகளில் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைக் கவனியுங்கள். பின்னால் வரும் டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. பாலத்து இறக்கத்தில் அந்தக் கரும்பு பாரம் முழுவதும் டிராக்டரை முதுகில் தள்ளிக்கொண்டு வருகிறது.

*

திருச்சியிலேயே இன்னொரு சாட்சி உண்டு, பொன்மலை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இங்கே வந்தது. நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களைப் பழுது பார்த்து வந்த இந்தப் பணிமனை, பின்னாளில் புதிதாகவே எஞ்சின் செய்து கொடுத்தது. கல்லாரிலிருந்து குன்னூர்வரை சுமார் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறும் பாதை. ஆனால் அந்த எஞ்சின் பெட்டிகளை முன்னால் நின்று இழுப்பதில்லை. எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல் சாயுமே தவிர, பள்ளத்தில் ஓடாது. அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். பெட்டியின் முகப்பில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் அவர், தேர்ச் சக்கரத்துக்கு அருகே குனிந்து நடப்பவரின் உறவினர்தான்.

தேரிலிருந்து ஆங்கிலமும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. பூரி ஜகந்நாதர் தேரைப் பற்றிக் கேள்விப்பட்டு, எதிர்ப்பட்டதை நசுக்கிக்கொண்டு போகும் சக்திக்கு ‘ஜகர்நாட்’ என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டனில் பெரிய லாரிக்கும் அதே சொல்தான். அவர்கள் தேரில் பார்த்தது நிறுத்த முடியாமையை. தேரை நிறுத்தத் தெரிந்த நாம், நிறுத்தும் கருவியை வசைச்சொல் ஆக்கினோம். யாராவது ஒரு காரியத்தைக் கேள்வி கேட்டால், “சும்மா முட்டுக்கட்டை போடாதேப்பா” என்கிறோம். இழுப்பதுதான் பெருமை என்று மொழியிலேயே எழுதி வைத்துவிட்டோம்.

வடம் பிடிக்கும் உரிமைக்காக நடந்த போராட்டங்கள் நியாயமானவை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித் மக்கள் அந்த உரிமைக்காக 1990களின் இறுதியிலிருந்து போராடினார்கள். இடையில் தேர் பல ஆண்டுகள் ஓடாமலே கிடந்து, 2024இல்தான் மீண்டும் ஓடியது. ஆனால் முட்டுக்கட்டை போடும் இடத்துக்காக யாரும் நீதிமன்றம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது மரியாதை இல்லாத, அபாயம் மட்டுமே உள்ள இடம். 2022 ஜூனில் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் தேர் சாய்ந்து இருவர் இறந்தார்கள். பெரிய கோயில்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தாலும், பல சின்ன ஊர்களில் இன்னும் மரக்கட்டையும் ஒரு மனிதரின் கையும்தான். திருவிழாக் கணக்கில் பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குவதற்கு முன்னால் அச்சைச் சோதிக்கவும், பிரேக் பொருத்தவும், கட்டை போடுகிறவருக்குக் காப்பீடு எடுக்கவும் ஒரு தொகையை ஒதுக்கலாம். இதைச் சொல்கிறவரை முட்டுக்கட்டை என்பார்கள். சொல்லட்டும்.

தேர்த் திருவிழா எப்போது முடிகிறது என்று தமிழ் சரியாகச் சொல்கிறது. வடம் பிடித்ததும் தேர் புறப்படுகிறது, அவ்வளவுதான். நான்கு வீதியும் சுற்றி, கீழச்சித்திரை வீதியில் கிளம்பிய இடத்திலேயே வந்து நின்ற பிறகுதான் “தேர் நிலைக்கு வந்தது” என்கிறோம்.